பச்சை விளக்கை நம்பாதவர்

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது நாள், எங்கள் டைரக்டரின் கண்ணெதிரிலேயே, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் மின்கம்பியை அவர் பிடுங்கி எறிந்தார். எறிந்தார் என்பது என் கோபத்தில் வரும் வார்த்தை. உண்மையில் மெதுவாகத்தான் உருவினார், உருவியதை ஒழுங்காகச் சுற்றி மேசைமேல் வைத்தார். டைரக்டர் சத்தம் போடத் தெரியாத சீனர். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் குழுத் தலைவி, இந்த ஆளை நேர்காணல் செய்து எடுத்தவளும் நான்தான்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"பார்க்கிறேன் மேடம்."

"என்னத்தைப் பார்க்கிறீங்க?"

"எழுதிட்டேன்னு சொல்லுச்சு. நிஜமா எழுதுச்சான்னு பார்க்கிறேன்."

கம்பியைத் திரும்பச் செருகி, இயந்திரம் கண் விழிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எழுதியிருக்கவில்லை. கடைசிப் பதிவுகளைக் காணோம். எட்டு மாதமாக நாங்கள் ஐந்து பேர் 'ஆச்சு, ஆச்சு' என்று டைரக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்த வேலை அது. அன்று மாலைக்குள் அவருக்கு ஆபீஸில் 'பிளக் புடுங்கி' என்று பெயர் வந்துவிட்டது. வைத்தது நான். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். அதில் அவர் ஊருக்குப் போயிருந்த பத்தே நாளில் நான் செய்த ஒரு காரியத்தால், ஜெஞ்சாரோம் என்ற ஊரில் ஒரு பெண்ணின் உயிர் ஒரு காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தது. அவரைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

எங்கள் நிறுவனம் சுங்கை வே என்ற பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரிகள் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை அனுப்புவார்கள். அதன் மரபணுவைப் படித்து, இந்தக் கட்டி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். படிக்கும் இயந்திரம் மணிக்கணக்கில் பதிவுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி வைப்பதுதான் கஷ்டம். கம்ப்யூட்டரில் சாதாரண மெமரி வேகமானது, ஆனால் கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். டிஸ்க் மறக்காது, ஆனால் மந்தம். நடுவில் புதிதாக ஒன்று வந்தது. மெமரி உட்காரும் அதே இடத்தில் உட்காரும், கிட்டத்தட்ட அதே வேகம், கரண்ட் போனாலும் மறக்காது. அதை வைத்தால் இரண்டு நாள் வேலை அரை நாளில் முடியும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார். அதற்காகத்தான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவரை வேலை பெர்மிட் போட்டு இந்த நாட்டுக்கு அழைத்து வந்தோம்.

அந்த மறக்காத மெமரியில் ஒரு சூட்சுமம் உண்டு. என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். கப்பல் வந்துவிட்டது என்றால் சரக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை என்பார். இதுவும் அப்படித்தான். 'எழுது' என்று சொன்னால் பிராசஸர் 'சரி' என்று சொல்லிவிட்டு, கொஞ்சத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும். 'இப்போதே இறக்கு' என்று தனியாகச் சொன்னால்தான் மெமரிக்குப் போய்ச் சேரும். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவர் எழுதிய நிரலில் ஒவ்வொரு கட்டுப் பதிவுக்கும் ஓர் 'இறக்கு', எந்தக் கட்டு எந்த நோயாளியுடையது என்று குறிக்கும் அட்டவணைக்கு இன்னோர் 'இறக்கு', இரண்டும் இறங்கியதா என்று ஒரு சரிபார்ப்பு. அதற்குப் பிறகுதான் படிக்கும் இயந்திரத்துக்கு 'கிடைத்தது' என்று பதில் போகும். அந்தப் பதில் போனதும் அது தன்னிடம் உள்ள பிரதியை அழித்துவிடும். ஆகவே பொய்யாக ஒரு 'கிடைத்தது' போய்விட்டால் திரும்பக் கேட்க ஆளில்லை.

இந்தப் புத்தி மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைகளில் குழுவாக பிரிக்பீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவோம். ரசம் கேட்டு, பரிமாறுகிறவர் "வருது அண்ணே" என்றால் எங்களுக்குப் போதும். இவருக்குப் போதாது. "வருதா, இல்ல இனிமேதான் சொல்லணுமா?" என்பார். ஒருநாள் அந்த ஆள் பொறுமை இழந்து, "நீங்களே உள்ள போய்ப் பார்த்துக்குங்க அண்ணே" என்றார். இவர் சொரணையே இல்லாமல் எழுந்து போய், சமையல்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அடுப்புல இருக்கு" என்று எங்களுக்கு அறிவித்தார். மானம் போனது எங்களுக்குத்தான்.

"உங்களுக்கு யாரு மேலயும் நம்பிக்கையே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்பிக்கைக்கு என்ன மேடம், எல்லார் மேலயும் இருக்கு. ஆனா பச்சை லைட்டு எரியுதுன்னா, லைட்டு எரியுதுன்னு மட்டும்தான் அர்த்தம்."

மேடம் வேண்டாம், அக்கா என்று கூப்பிடுங்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "சரிங்க மேடம்" என்பார். என்னைவிட ஆறு வயது சின்னவர். ஒல்லி, எப்போதும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான்வரை போட்டிருப்பார். சிரிக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது, ஆனால் நாம் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். கிள்ளானில் தனியாக இருக்கும் என் அப்பாவைப் பற்றி அடிக்கடி விசாரிப்பார்.

"அப்பா மாத்திரை சாப்பிட்டாரா மேடம்?"

"போன் பண்ணேன். சாப்பிட்டேன்னு சொன்னாரு."

"சொன்னாரா, சாப்பிட்டாரா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொல் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் தலையணை உறையை உதறினேன். இருபது, இருபத்தைந்து மாத்திரைகள் கொட்டின. அப்பாவோடு பெரிய சண்டை. திங்கட்கிழமை ஆபீஸில் அவரிடம் சொன்னேன், 'பார்த்தீர்களா' என்று ஒரு பார்வையாவது பார்ப்பார் என்று நினைத்தேன். "இப்ப சாப்பிடுறாரா மேடம்?" என்று மட்டும் கேட்டார். பொய் சொன்னவர்மேல் அவருக்குக் கோபமே வராது. சொல்லுக்கும் நடப்புக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் தூரம் இருக்கிறது, நடந்து போய்ப் பார்க்க வேண்டியது நம் வேலை என்று நினைக்கிற ஆள். இது எனக்குப் புரிய நாளாயிற்று. புரிந்தும் பிரயோஜனமில்லை.

மகளின் காதுகுத்துக்காக அவர் பத்து நாள் ஊருக்குப் போனார். அந்த வாரம் பார்த்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் எங்கள் வேகத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி. இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று டைரக்டர் கேட்டார். முடியும் என்றேன். நிரலில் அதிக நேரம் தின்பது அட்டவணையைத் திரும்பத் திரும்ப இறக்குவதுதான். அந்த வரியைத் தூக்கிவிட்டு, அட்டவணையைக் கடைசியில் ஒரே தடவை இறக்கினால் போதும் என்று மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் மிச்சம். சோதித்தும் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினால் சர்வர் கெட்டுப்போகும் என்று டைரக்டர் முனகுவார், ஆகவே நாகரிகமாக, திரையில் 'ரீஸ்டார்ட்' என்பதை அமுக்கினேன். அணைந்து எழுந்து வந்தது. ஒன்றும் தொலையவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

ரீஸ்டார்ட் என்றால் இயந்திரம் கையிலுள்ளதை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் அணையும். நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போகிற போக்கு அது. கரண்ட் போகும்போது அப்படிச் சொல்லிவிட்டுப் போகாது. பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு இது தெரியாதா? தெரியும்.

வந்தவர்கள் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். அந்த வரியை நான் திரும்பப் போடவில்லை. அவர் போன எட்டாவது நாள் மதியம் இடி மழை. அன்றைக்குத்தானா யூபிஎஸ்ஸில் பேட்டரி மாற்ற ஆட்கள் வர வேண்டும்? பழையதைக் கழற்றியிருந்தார்கள், புதியதை இன்னும் மாட்டவில்லை. விளக்குகள் ஒரு தடவை சிமிட்டின. திரும்ப வந்தபோது, ஒன்பது மணி நேரம் படித்த பதிவுகள் மெமரியில் அப்படியே இருந்தன. அட்டவணை இல்லை. நொடிக்கு நொடி தொட்டுத் திருத்துவதைத்தான் பிராசஸர் கையைவிட்டு இறக்காமல் வைத்திருக்கும், போனதும் அதுதான். எந்தப் பதிவு யாருடையது என்று இனிக் கடவுள்தான் சொல்ல வேண்டும். அந்த ஓட்டத்தில் நான்கு பேருடைய சதை இருந்தது. மூன்று பேருக்கு மிச்சம் வைத்திருந்தோம். நான்காவது, நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த மிகச் சின்னத் துணுக்கு. முழுவதும் அந்த ஒரே ஓட்டத்தில் செலவாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொல்வது என்று டைரக்டர் யோசித்தார். அவர் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன்: 'அனுப்பப்பட்ட மாதிரி ஆய்வுக்குப் போதுமானதாக இல்லை.' ஒரே வரி.

திங்கட்கிழமை அவர் ஊரிலிருந்து வந்தார். எல்லோருக்கும் சாத்தூர் காராச்சேவு கொடுத்தார், மகள் அழுத கதையைச் சொன்னார். அரை மணி நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"அட்டவணையை இறக்குற வரி எங்க மேடம்?"

"டெமோவுக்காக எடுத்தேன். திரும்பப் போட்டுடுங்க."

"கரண்ட் போன அன்னிக்கு அந்த நாலாவது சாம்பிள்?"

"போச்சு. ஆஸ்பத்திரிக்கு லெட்டர் அனுப்பியாச்சு."

"என்னன்னு மேடம்?"

சொன்னேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பத்தலைன்னு சொன்னா டாக்டர் மறுபடி எடுக்க மாட்டாரே மேடம். இந்தக் கட்டியில எத்தனை தடவை குத்தினாலும் இவ்வளவுதான் வரும்னு நினைச்சு விட்டுருவாரே. நாமதான் தொலைச்சோம்னு சொன்னாத்தானே திரும்ப எடுப்பாங்க?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. "டைரக்டர்கிட்ட பேசுறேன் லா. திருத்தி அனுப்பிடுவோம்" என்றேன்.

டைரக்டரிடம் பேசினேன். அந்தக் குழுமத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. இவரோ தினமும் காலையில் வந்து, "லெட்டர் திருத்தினாங்களா மேடம்?" என்று கேட்டார். நான்காவது நாள் தொல்லை தாங்காமல் "அனுப்பியாச்சு" என்றேன்.

"ஒரு தடவை பார்க்கலாமா மேடம்?"

"நோயாளி விவரம் இருக்கு. உங்களுக்குக் காட்ட முடியாது."

தலையாட்டிவிட்டுப் போனார். என் பதவிக்குக் கொடுத்த மரியாதையா, என்னை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரசத்துக்கு எழுந்து போனவர் இதற்குப் போகவில்லை. போயிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், கீழே வரவேற்பில் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பதாகவும் போகமாட்டேன் என்கிறார் என்றும் அங்கிருந்த பெண் போன் செய்தாள். நான் படியிறங்கும்போது இவர் ஏற்கெனவே அங்கே இருந்தார், அந்த மனிதரின் பக்கத்து நாற்காலியில். வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக் காய்ப்பேறிய கை. ஜெஞ்சாரோமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார், மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் சண்டை போட வரல தம்பி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். சதை பத்தலைன்னு லெட்டர்ல போட்டிருக்கு. திரும்ப எடுத்தாலும் இப்படித்தான் வரும், வேணாம்னுட்டாரு டாக்டரு. என் சம்சாரம் என்ன சொல்றான்னா, என் ஒடம்புல நல்ல சதையே இல்ல போலன்னு. ரெண்டு நாளா சோத்தைத் தொட மாட்டேங்கிறா. அப்படியா தம்பி? நல்ல சதையே இல்லையா?"

இவர் கையில் அந்தக் கடிதம் இருந்தது. நான் தட்டச்சு செய்த அதே வரி, அதே தேதி. படித்தார். நிமிர்ந்து, படியில் நின்ற என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. மின்கம்பியைச் செருகிவிட்டுத் திரையைப் பார்ப்பாரே, அப்படி, என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்.

பிறகு வந்தவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, சாம்பிள் நல்லா இருந்துச்சு. நாங்க படிச்சோம். கரண்ட் போயி, எங்க மிஷின்ல தொலைஞ்சு போச்சு. தப்பு எங்களோடது. அக்காகிட்ட அப்படியே சொல்லுங்க, அவங்க உடம்புல குறை ஒண்ணும் இல்லைன்னு. டாக்டரைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. நான் எழுதித் தர்றேன்."

கடிதத்தின் பின்புறமே எழுதினார். ஆங்கிலத்தில் நான்கு வரி, கையெழுத்து, தன்னுடைய போன் நம்பர். எழுதியதைத் தமிழில் விளக்கிவிட்டு, "டாக்டர்கிட்ட என்ன சொல்வீங்க, ஒரு தடவை எனக்குச் சொல்லிக் காட்டுங்கண்ணே" என்றார். அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளையாகத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். ஓரிடத்தில் தப்பிற்று, இவர் திருத்தினார். இரண்டாம் தடவை சரியாகச் சொன்னதும் அவர் காகிதத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் கிளம்பினார்.

மூன்றாம் நாள் இவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். நிறுவனத்தின் ரகசியத்தை வெளியாளிடம் சொன்ன குற்றம். பெர்மிட் ரத்து, உடனே ஊருக்குத் திரும்ப வேண்டும். ஆபீஸில் மற்றவர்கள் பதிவுகள் தொலைந்ததும் அவருடைய தவறுதான் என்று நம்பினார்கள், மெமரி அவர் பொறுப்பல்லவா? விசாரணை அறையில் நான் டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயில் கொழுக்கட்டை. எனக்கும் காரணங்கள் இருந்தன, கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அவர் கிளம்பும் முன்தினம் பிரிக்பீல்ட்ஸில் அவர் குடியிருந்த அறைக்குக் கீழே போய் நின்றேன். இறங்கி வந்தார். அதே முழுக்கைச் சட்டை.

"அந்த வரியை நான்தான் எடுத்தேன்னு ஏன் சொல்லல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம். யாரும் கேட்கலை." கொஞ்சம் தயங்கி, "நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், கேட்கவில்லை. அவர்தான் பேசினார். "அவங்க சாம்பிள் வந்தா நீங்களே ஓட்டுங்க மேடம். வேற யார்கிட்டயும் விட வேணாம்."

வந்தது. டாக்டர் ஒத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்து, ஊசியால் எடுத்து எங்களிடம் வர இன்னும் ஐந்து வாரமாயிற்று. அவருடைய நிரலை ஒரு வரி மாற்றாமல் வைத்தேன். முந்தைய நாளே வெற்றுப் பதிவுகளை ஓட்டி, நடுவில் என் கையாலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். டைரக்டர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார். அரை நாளுக்கும் மேல் அந்த இயந்திரத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். நல்ல முடிவு. அந்தக் கட்டிக்கு மாத்திரை வடிவிலேயே ஒரு மருந்து இருந்தது. அறிக்கையை அனுப்பிவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். சேர்ந்தது என்றாள் போனை எடுத்த பெண். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கோப்பைப் பார்த்தாள். நோயாளி போன வியாழக்கிழமை இறந்துவிட்டார், இந்த அறிக்கையை என்ன செய்வது என்று என்னையே கேட்டாள்.

அந்த வாரங்கள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். எனக்கு எழுத்து வேண்டாம். நான்தான் கொன்றேன் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் ஊரிலிருந்து அவருடைய செய்தி வந்தது. 'ஜெஞ்சாரோம் அக்காவுக்கு ரிசல்ட் வந்துச்சா மேடம்?' இறந்துவிட்டார் என்று எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். வேலையை இழந்து அவர் வாங்கிக் கொடுத்தது அந்த உயிர் ஒன்றைத்தான். அதுவும் இல்லை என்று எப்படிச் சொல்வது? 'வந்துச்சு. மருந்து இருக்கு' என்று அனுப்பினேன். இரண்டும் உண்மை.

'சாப்பிடுறாங்களா?' என்று கேட்டார்.

'சாப்பிடுறாங்க' என்றேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புகிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார். மூன்று வருடமாக அவரை நான் உயிரோடு வைத்திருக்கிறேன். முதல் வருடம் 'நல்லா இருக்காங்க' என்பதோடு விட்டேன். அடுத்த வருடம் எடை கூடியிருக்கிறது என்று எழுதினேன். இந்த வருடம், கேட்காமலேயே, கணவனும் மனைவியுமாக ஆபீஸுக்கு வந்து ஒரு டின் முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று எழுதிவிட்டேன். எங்கிருந்து அந்த முறுக்கு வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பதில் வர வெகு நேரமாயிற்று.

'சந்தோஷம் மேடம். எனக்கும் சேர்த்து ரெண்டு சாப்பிடுங்க.'